படி யாருடையது? – கடிதமும் பதிலும்

அன்புள்ள அக்காவுக்கு,

வணக்கம். நான் திருப்பூரில் சிறிய பனியன் கம்பெனி நடத்துகிறேன். முப்பது பேர் வேலை செய்கிறார்கள். சொந்த ஊர் காங்கயம் பக்கம். அப்பா எழுபதுகளின் கடைசியில் கைமடிப் பையனாக, அதாவது தையல்காரருக்குத் துணி மடித்துக் கொடுக்கும் உதவியாளாக, திருப்பூருக்கு வந்தவர். நான்கு கம்பெனிகள் மாறித் தொழில் கற்று, 1989இல் இரண்டு மெஷின்களோடு சொந்தமாகத் தொடங்கினார். அவர் முன்பே காலமாகிவிட்டார். சென்ற தை மாதம் அம்மாவும் போய்விட்டார்.

ஊர் வீட்டைக் காலி செய்தபோது அரிசிப் பானைக்குள் அப்பாரு (தாத்தா) காலத்தில் தானியம் அளந்த பித்தளைப் படி கிடைத்தது. அப்பாருவுக்கு அவருடைய அப்பா கொடுத்தது. தாது வருடப் பஞ்சத்தைப் பார்த்த படி என்று வீட்டில் சொல்வார்கள். மெருகு போட்டு, சிவன்மலை முருகன் கோயில் உத்தரவுப் பெட்டி போல ஒரு கண்ணாடிப் பெட்டி செய்து, வரவேற்பறையில் வைத்திருக்கிறேன். தினமும் காலையில் அதன் முன் அமர்ந்து, குடிக்கும் காபி, குழாயில் வரும் தண்ணீர், பிள்ளைகளின் சிரிப்பு என்று நன்றி சொல்ல வேண்டியவற்றை ஒரு நோட்டில் எழுதுகிறேன். முன்னோர் பட்ட பாட்டை நினைத்தால் நாம் எவ்வளவு கொடுத்துவைத்தவர்கள்! மனம் லேசாகிவிடுகிறது.

ஆனால் இப்போது நன்றி என்பது யாரிடம் இருக்கிறது? ஒடிசாவிலிருந்து வரும் பையன்களுக்குத் தங்க இடம் கொடுத்துத் தொழிலும் கற்றுக்கொடுக்கிறோம். ஊர்த் திருவிழாவுக்குப் போய்த் திரும்பியதும், பத்து ரூபாய் கூடுதலாகக் கொடுக்கிற கம்பெனிக்குப் போய்விடுகிறார்கள்.

என் கேள்வி இதுதான். படியைத் தம்பி கேட்கிறான். தங்கையும் கேட்கிறாள். மூத்தவன் வைத்திருப்பதுதானே முறை? என் பிள்ளைகளுக்கு நன்றியுணர்வை எப்படிக் கற்றுக்கொடுப்பது?

(பெயரை வெளியிட வேண்டாம் என்று கேட்டிருக்கிறார்.)

*

அன்புள்ள தம்பி,

அம்மா இல்லாத வீட்டைக் காலி செய்வது பெரிய கொடுமை. எந்தப் பாத்திரத்தைத் தூக்கினாலும் அவர் கை தெரியும். அதைச் செய்து முடித்து வந்திருக்கிறீர்கள். உங்கள் கடிதத்தை முதல் முறை படித்தபோது அந்த இடத்தில் நின்றுவிட்டேன். பதில் எழுதக் காரணம் அது மட்டும் இல்லை, அதற்குப் பிறகு வருகிறேன்.

முதலில் சில்லறை விஷயங்கள். மெருகு தேவையில்லை. புளியும் சாம்பலும் போட்டுத் தேய்த்திருந்தால் போதும். மூத்தவனுக்குத்தான் என்ற முறையெல்லாம் எங்கும் எழுதி வைத்திருக்கவில்லை. மூன்று பேரும் உட்கார்ந்து பேசுங்கள்.

நீங்கள் எழுதாமல் விட்ட ஒன்று இருக்கிறது. படி அரிசிப் பானைக்குள் கிடந்தது என்றால் அம்மா கடைசி வரை அதில்தான் அளந்திருக்கிறார். பானையில் அரிசி மிச்சம் இருந்ததா? அதை என்ன செய்தீர்கள்? யாராவது பொங்கிச் சாப்பிட்டீர்களா, அல்லது வண்டு விழுந்த அரிசி என்று கொட்டிவிட்டீர்களா? பஞ்சத்தைப் பார்த்த படி என்று தலைமுறை தலைமுறையாகச் சொல்கிற வீட்டில் முதலில் சொல்ல வேண்டியது அந்த அரிசியைப் பற்றித்தான்.

அடுத்தது அந்த நோட்டு. காபி, தண்ணீர், சிரிப்பு என்று எழுதுகிறீர்கள். அதில் ஒரு மனிதர்கூட இல்லையே, தம்பி. பால் கறந்தவர் இல்லை, தண்ணீர் திறந்துவிடுபவர் இல்லை. நன்றி என்றால் ஒருவரிடம் சொல்வது. அவர் முகம் தெரிய வேண்டும், முடிந்தால் பெயர் தெரிய வேண்டும். யாரிடம் என்று தெரியாமல் காலையில் உட்கார்ந்து எழுதுவது தன் வயிற்றைத் தானே தடவிக்கொள்வது போன்றது. மனம் லேசாகிறது என்கிறீர்கள். ஆகும். பட்ட கடன் நினைவுக்கு வந்தால் மனம் கனக்கத்தான் செய்யும்.

பஞ்சத்தை நினைத்து, நாம் கொடுத்துவைத்தவர்கள் என்று மகிழ்வது எனக்குக் கொஞ்சமும் பிடிக்கவில்லை. தாது வருடப் பஞ்சம் 1876இல் தொடங்கி 1878 வரை சென்னை மாகாணத்தை வாட்டியது. கோவை, சேலம் ஜில்லாக்களில் குடும்பம் குடும்பமாக மாண்டார்கள். அதிகம் செத்தவர்கள் வீட்டில் படி வைத்திருந்தவர்கள் அல்லர். அடுத்தவர் படியிலிருந்து விழுவதற்காகத் துணியை ஏந்தி நின்றவர்கள், நிலமில்லாத கூலிகள். உங்கள் படி அந்தப் பஞ்சத்தைப் பார்த்தது உண்மையானால், எந்தப் பக்கத்திலிருந்து பார்த்தது?

தினமும் அரிசிச் சோறு என்பதே நம் பக்கத்துக்குப் புதிது. மேற்குத் தொடர்ச்சி மலையின் மழை மறைவில் கிடக்கிற புன்செய்க் காடுகளில் கம்பும் சோளமும் ராகியும்தான் விளைந்தன. அரிசியை நோம்பி, பண்டிகைக்குத்தான் பொங்கினார்கள். பவானிசாகர் அணை 1955இல் முடிந்து, கீழ்பவானி வாய்க்கால் 200 கிலோமீட்டர் ஓடி, 2,07,000 ஏக்கருக்குத் தண்ணீர் கொடுத்த பிறகுதான் பல ஊர்களில் நெல்லைக் கண்ணால் பார்த்தார்கள். அந்த அணைக்கு மண் சுமந்தவர்களும் வாய்க்கால் வெட்டியவர்களும் யார் யார்? உங்கள் நோட்டின் முதல் பக்கம் அவர்களுக்கு உரியது.

இனி நான் பதில் எழுதக் காரணமான வரி. ‘நன்றி என்பது யாரிடம் இருக்கிறது?’ இதே வரியைச் சிறு வயதில் என் அம்மிச்சியின், அதாவது அம்மாவைப் பெற்றவரின், வாயால் கேட்டிருக்கிறேன்.

அம்மிச்சி வீடு தாராபுரத்துக்கு மேற்கே இருந்தது. பள்ளி விடுமுறை முழுவதும் எனக்கு அங்கேதான். அந்த வீட்டில் இரண்டு படிகள் இருந்தன. நடு வீட்டில் இருந்தது பித்தளைப் படி. வியாபாரிக்கும் சம்பந்தி வீட்டுக்கும் அதில் அளப்பார்கள். கல்யாணம் காட்சி என்றால் அதில்தான் நெல் நிறைத்து விளக்குக்குப் பக்கத்தில் வைப்பார்கள். இன்னொன்று மாடு கட்டும் கட்டுத்தரைச் சுவரோரம் கிடக்கும் இரும்புப் படி. அதன் அடி உள்வாங்கியிருக்கும். கூலி அளப்பது அதில்.

முதல் படியை ஒன்று என்று எண்ணாமல் ‘லாபம்’ என்று அம்மிச்சி தொடங்குவார். பிறகு இரண்டு, மூன்று என்று எண்ணிக்கை போகும். பித்தளைப் படியில் தானியம் கூம்பாக நின்று நாலு பக்கமும் வழியும். அந்த வழிசலைத் துடைப்பது மரியாதைக் குறைவு. இரும்புப் படியில் உள்ளங்கையை வைத்து ஒரு இழுப்பு இழுத்துத் தலை தட்டுவார். இரண்டையும் ஒரே கை செய்தது. யாருக்கு எது என்று அந்தக் கைக்கு யோசிக்க வேண்டியே இருக்கவில்லை.

அந்த இரும்புப் படிக்கு நாள்தோறும் வந்து நின்றவர் ஒரு அம்மாள். அவர் மக்கள் இருக்கிறார்கள் என்பதால் பெயரைத் தவிர்க்கிறேன். விடிவதற்கு முன் வந்து கட்டுத்தரை கூட்டுவார், சாணம் அள்ளுவார், காட்டில் களை வெட்டுவார், பருவத்தில் கதிர் அறுப்பார். பொழுது சாயும் நேரத்தில் வாசலுக்கு வெளியே நின்று முந்தானையை விரித்து ஏந்துவார். அம்மிச்சி படியை ஒரு முழ உயரத்தில் பிடித்துக் கொட்டுவார். படி அந்த முந்தானையில் பட்டால் தீட்டு. அவ்வளவு உயரத்திலிருந்து விழும் சோளத்தில் ஒரு பங்கு மண்ணில் சிதறும். அவர் குனிந்து பொறுக்குவார். கோழிகளும் வந்து கொத்தும். கோழி கொத்தியது அவர் கணக்கில் போகும்.

என் அம்மிச்சி கொடுமைக்காரி அல்லர். எனக்குக் கச்சாயம் சுட்டுக் கொடுத்த கை அது. அந்த அம்மாளின் குழந்தைக்குக் காய்ச்சல் என்றால் கஷாயம் வைத்துக் கொடுத்தனுப்புவார். அதனால்தான் இதைச் சொல்கிறேன். உள்வாங்கிய படி நல்லவர்கள் வீட்டிலும் இருந்தது. தாங்கள் அளந்துகொண்டிருப்பது தர்மம் என்று அவர்கள் உண்மையாகவே நம்பினார்கள்.

ஒரு வருடம் அந்த அம்மாள் குடும்பத்தோடு திருப்பூருக்குப் போய்விட்டார். கூலி பணமாகக் கிடைக்கும், யாரும் உயரத்திலிருந்து கொட்ட மாட்டார்கள். போனது தெரிந்த அன்று அம்மிச்சி வாசலில் நின்று, “எத்தனை படி அளந்திருப்பேன், நன்றி கெட்டவள்” என்றார். அவர் குரலில் உண்மையான வருத்தம் இருந்தது.

யோசித்துப் பாருங்கள். அந்தச் சோளத்துக்குக் களை வெட்டியது யார்? அறுத்தது யார்? களத்தில் அடித்துத் தூற்றி, மூட்டை பிடித்து வீட்டுக்குள் ஏற்றியது யார்? அந்த அம்மாள் கொண்டுவந்து கொடுத்த தானியத்தில் கொஞ்சத்தை, அதுவும் தலை தட்டி, அவருக்கே திருப்பிக் கொடுத்தோம். அதற்கு அவர் நன்றிக்கடன் பட்டவர் ஆகிவிட்டார்! கூலி என்பது கொடுக்க வேண்டியது. கொடுக்க வேண்டியதைக் கொடுத்துவிட்டு நன்றியை எதிர்பார்ப்பவன் ஒரே சரக்குக்கு இரண்டு முறை விலை கேட்கிறான்.

கீழவெண்மணியில் 1968 டிசம்பர் 25 அன்று 44 பேரை எரித்த நெருப்புக்குப் பின்னால் இருந்த கூலித் தகராறிலும் நெல்லின் படிக்கணக்கு இருந்தது. அது தஞ்சாவூர்ச் சங்கதி என்று ஒதுக்க வேண்டாம். நம் ஊர்க் களங்கள் எரியவில்லை என்பதால் நம் படிகள் சரியாக அளந்தன என்று ஆகிவிடாது.

இப்போது உங்கள் அப்பாவுக்கு வருவோம். கைமடிப் பையனாக வந்து நான்கு கம்பெனிகள் மாறினார் என்று பெருமையாக எழுதியிருக்கிறீர்கள். ஏன் மாறினார்? முதல் முதலாளி தங்க இடம் கொடுத்திருப்பார், தொழிலும் கற்றுக்கொடுத்திருப்பார். பக்கத்துக் கம்பெனியில் கூலி கூட என்றதும் உங்கள் அப்பா போனார். போனதால்தான் எல்லா மெஷினும் பழகினார். பழகியதால்தான் 1989இல் சொந்தக் கடை போட்டார். அந்த நான்கு முதலாளிகளும் அவரை என்ன சொல்லித் திட்டியிருப்பார்கள் என்று உங்களுக்கே தெரியும். உங்கள் வீட்டில் அதற்குப் பெயர் முன்னேற்றம். ஒடிசாப் பையன் அதையே செய்தால் நன்றிகெட்ட தனமா?

இன்னொன்று. 1984இல் திருப்பூர் பனியன் தொழிலாளர்கள் விலைவாசி உயர்வுக்கான பஞ்சப்படி கேட்டு 127 நாட்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். உங்கள் கணக்குப்படி அந்த வருடம் அப்பா தொழிலாளி. சம்பளம் இல்லாத அந்த நான்கு மாதங்களில் அவருடைய அடுப்பு எப்படி எரிந்தது? ஊரிலிருந்து இந்தப் படியில் அளந்த தானியம் மூட்டையாகப் போனதா? மளிகைக் கடைக்காரர் யாராவது கடனுக்குக் கொடுத்தாரா? கூட வேலை பார்த்த யாராவது தன் வீட்டுச் சோற்றைப் பகிர்ந்துகொண்டாரா? அம்மாவிடம் கேட்டிருக்கலாம், இனி முடியாது. அப்பாவோடு வேலை பார்த்தவர்கள் இன்னும் திருப்பூரில் இருப்பார்கள். தேடிப் போய்க் கேளுங்கள். அந்தக் கடைக்காரரின் பெயர் கிடைத்தால் நோட்டில் எழுதுங்கள். அவர் வீடு இருந்தால் ஒரு முறை போய்விட்டு வாருங்கள். சும்மா கையோடு போக வேண்டாம்.

கண்ணாடிப் பெட்டியைச் சிவன்மலையோடு ஒப்பிட்டிருக்கிறீர்கள். அங்கே பக்தர் ஒருவரின் கனவில் வந்த பொருளை, ஆண்டவரிடம் பூ கேட்டு உத்தரவானால் பெட்டியில் வைக்கிறார்கள். மண்ணும் தண்ணீரும் உப்பும்கூட அந்தப் பெட்டியில் இருந்திருக்கின்றன. அடுத்த கனவு வந்ததும் இருந்தது வெளியே வந்து புதியது உள்ளே போகும். உங்கள் பெட்டியிலிருந்து படி வெளியே வர எந்த வழியும் இல்லை. எடுத்து அரிசிப் பானைக்குள் போடுங்கள். உங்கள் அம்மா வைத்த இடம் அதுதான்.

பிள்ளைகளுக்கு நன்றியுணர்வைப் பாடமாக நடத்த வேண்டாம். சனிக்கிழமை சம்பளம் போடும்போது பக்கத்தில் உட்கார வையுங்கள். எட்டு மணி நேரம் ஒரு ஷிப்ட் என்றும் பன்னிரண்டு மணி நேரம் ஒன்றரை ஷிப்ட் என்றும் திருப்பூரில் கணக்கு வைத்திருக்கிறோம். மிகைநேர வேலைக்கு இரட்டிப்புக் கூலி என்று 1948ஆம் ஆண்டிலேயே தொழிற்சாலைச் சட்டம் சொல்லிவிட்டது. எட்டு மணி நேரத்துக்கு மேற்பட்ட அந்த நான்கு மணி நேரத்துக்கு அரை ஷிப்ட் கூலி மட்டும் கொடுத்தால், அது உள்ளங்கையை வைத்துத் தலை தட்டுவதுதான். உங்கள் பிள்ளைகள் கெட்டிக்காரர்கள் என்றால் கேட்பார்கள். கேட்டால் மழுப்பாமல் பதில் சொல்லுங்கள்.

தங்க இடம் கொடுக்கிறோம் என்கிறீர்களே, ஒரு அறையில் எத்தனை பேர்? வாடகை பிடிக்கிறீர்களா? மிகைநேரத்துக்கு எவ்வளவு கொடுக்கிறீர்கள்? அடுத்த சனிக்கிழமைக் கணக்கை அப்படியே எனக்கு எழுதி அனுப்புங்கள். படி யாரிடம் இருப்பது என்பதை அதற்குப் பிறகு பேசலாம். உங்கள் தங்கை என்ன காரணம் சொல்லி அதைக் கேட்டாள் என்பதையும் சேர்த்து எழுதுங்கள். கடிதத்தில் அது இல்லை.

அன்புடன்,
அக்கா