ரீலின் புரதம் மூளையில் என்ன செய்கிறது?

செல்லுக்கு வெளியே கிடக்கும் ஒரு புரதம் நரம்பு செல்லை எப்படிக் கட்டுப்படுத்தும் என்பதுதானே கேள்வி? ரீலினையே எடுத்துக்கொள்வோம்.

கதை ஒரு எலியில் தொடங்குகிறது. நேராக நடக்க வராது. நாலு அடி வைப்பதற்குள் தள்ளாடிச் சாய்ந்துவிடும். 1951-ல் மரபியலாளர் டக்ளஸ் ஃபால்கனர் இதைப் பதிவு செய்தார். 'தள்ளாடி' என்ற பொருளில் 'ரீலர்' என்று பெயர். காரணமான மரபணு 1995-ல்தான் சிக்கியது. அது உருவாக்கும் புரதம்தான் ரீலின்.

கரு வளரும்போது மூளைப் புறணியின் (மூளையின் வெளி அடுக்கின்) மேல்விளிம்பில் இருக்கும் கஹால்-ரெட்சியஸ் செல்கள் ரீலினைச் சுரந்து வெளியே விடுகின்றன. புது நியூரான்கள் (நரம்பு செல்கள்) அடியில் பிறந்து மேலே ஏறும். இங்கே ஒரு விசித்திரம்: பிந்திப் பிறந்தவை, முந்தி வந்தவற்றைத் தாண்டி மேலே போய் உட்காரும். ரீலின் இல்லாவிட்டால் தாண்ட முடியாது. கூட்ட நேரத்தில் பஸ் படிக்கட்டை அடைத்து நிற்பார்களே, அதே கதைதான். அடுக்கு வரிசை ஏறக்குறைய தலைகீழாகிவிடும்.

சரி, சேதி உள்ளே எப்படிப் போகிறது? செல்லின் மேலுள்ள இரண்டு ஏற்பிகளில், அதாவது வெளியிலிருந்து சேதி வாங்கும் புரதங்களில், ரீலின் ஒட்டிக்கொள்ளும். உள்ளே டேப்1 என்ற புரதம் தூண்டப்படும். அவ்வளவுதான்.

மனிதர்களில் இந்த மரபணு இரு பிரதியிலும் பழுதானால் மூளையின் மடிப்புகள் குறையும், சிறுமூளை சிறுத்துப்போகும்.

வளர்ந்த மூளையிலும் ரீலினுக்கு வேலை உண்டு. நரம்பு இணைப்புகளை வலுப்படுத்துகிறது. 2023-ல் கொலம்பியாவிலிருந்து வந்த செய்தி எனக்குப் பெரிய ஆச்சரியம். நாற்பதுகளிலேயே அல்சைமர் வரவைக்கும் மரபணுக் கோளாறுள்ள ஒருவர், 67 வயதுவரை தெளிவாக இருந்திருக்கிறார். அவரிடம் ரீலினின் அரிய மாற்றுவடிவம் இருந்தது.