கழற்றி மாட்டியதிலிருந்து நின்றுபோகும் ஊசல் கடிகாரம்: வீட்டிலேயே என்ன செய்யலாம்?

தாத்தா காலத்துச் சுவர்க் கடிகாரம், பெயின்ட் அடிக்கக் கழற்றி மறுபடி மாட்டியதிலிருந்து பத்து நிமிடம் ஓடிவிட்டு நின்றுபோகிறது, ஓடும்போதும் மெதுவாக ஓடுகிறது என்று கேட்டிருக்கிறீர்கள். "கழற்றி மாட்டியதிலிருந்து" என்று சொன்னதிலேயே பாதிப் பதில் இருக்கிறது. இயந்திரத்தில் பெரும்பாலும் ஒன்றும் ஆகியிருக்காது, தொங்கும் நிலை மாறியிருக்கும். ஸ்க்ரூ டிரைவரைத் தொடாதீர்கள், முதலில் காது கொடுத்துக் கேளுங்கள்.

மின்விசிறியை நிறுத்திவிட்டு ஊசலை லேசாக ஆட்டிவிடுங்கள். டிக்... டக்... டிக்... டக்... என்று ஒரே இடைவெளியில் வர வேண்டும். டிக்டக்...... டிக்டக்...... என்று நொண்டினால் ஊசலுக்கு ஒரு பக்கம்தான் சரியான உந்துதல் கிடைக்கிறது என்று பொருள், அது கொஞ்ச நேரத்தில் நின்றுவிடும். பெட்டியின் அடிப்பகுதியை மட்டும் இடமோ வலமோ கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்திக் கேட்டுக்கொண்டே வாருங்கள். எங்கள் வீட்டுக் கடிகாரம் ரசமட்டம் வைத்துப் பார்த்தால் நேராகத்தான் இருந்தது, ஆனாலும் நின்றது. கீழ் விளிம்பை ஒரு 3 மில்லிமீட்டர் இடது பக்கம் தள்ளியதும் சத்தம் சீரானது, அந்த இடத்தில் சுவரில் பென்சிலால் கோடு போட்டு வைத்திருக்கிறேன், தூசி தட்டும்போது அசைந்தாலும் கோட்டுக்குக் கொண்டுவந்தால் போதும்.

பெட்டி கண்ணுக்கே கோணலாகத் தெரிந்தால்தான் சீராக ஓடுகிறது என்றால், ஊசலைத் தள்ளிவிடும் மெல்லிய கம்பியை வளைக்க வேண்டும். கோணலாக இருக்கும்போது எந்தப் பக்கம் உயர்ந்திருக்கிறதோ அந்தப் பக்கமாக, மயிரிழை அளவு. ஊசலைத் தாங்கும் தகட்டு ஸ்பிரிங் மட்டும் மடங்கிவிடக் கூடாது, அது மடங்கினால் ஊசல் நெளிந்து நெளிந்து ஆடும்.

சத்தம் சீரான பிறகுதான் வேகம். ஊசல் குண்டுக்கு அடியில் உள்ள நட்டைத் திருகிக் குண்டை ஏற்றினால் வேகமாகும், இறக்கினால் மெதுவாகும். சுமார் 25 சென்டிமீட்டர் ஊசலில் 0.35 மில்லிமீட்டர் மாறினாலே ஒரு நாளைக்கு ஒரு நிமிடம் மாறிவிடும், அதாவது மூன்று நான்கு காகிதத் தாள்களின் தடிமன்! அதனால் நட்டை அரைச் சுற்று திருகிவிட்டு 24 மணி நேரம் அப்படியே விடுங்கள், அப்புறம் கைபேசி நேரத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள். மணிக்கு ஒரு தடவை திருகிக்கொண்டிருந்தால் ஒருநாளும் சரியாகாது. வெயில் காலத்தில் கொஞ்சம் பின்தங்குவது இயல்பு, எஃகுத் தண்டு 10 டிகிரி சூட்டுக்கு நீள்வதால் மட்டுமே நாளைக்கு 5 விநாடி போகும்.

எண்ணெய் விஷயத்தில் தயவுசெய்து கவனமாக இருங்கள். நான் ஆரம்பத்தில் கையில் கிடைத்த எண்ணெயைப் பல்சக்கரங்களின் மேல் எல்லாம் விட்டேன், கொஞ்ச நாளில் தூசி சேர்ந்து கறுப்புப் பசையாகி, அதைச் சுத்தம் செய்ய இயந்திரத்தையே பிரிக்க வேண்டியதாயிற்று. பல்லுக்கு எண்ணெயே வேண்டாம். அச்சு முனைகள் உட்காரும் துளைகளில் மட்டும், கடிகாரத்துக்கென்றே விற்கும் எண்ணெயை ஊசி முனையால் ஒரு பொட்டு. ஏற்கெனவே கறுத்துப் போயிருந்தால் அதன் மேல் புது எண்ணெய் விடாதீர்கள், அந்த அழுக்கே அரம் மாதிரி துளையைத் தேய்த்துவிடும்.

எட்டு நாள் கடிகாரம் என்றால் வாரத்தில் ஒரே கிழமையில் சாவி கொடுங்கள். முழுக்கச் சாவி கொடுத்தால் கெட்டுவிடும் என்பது சும்மா பேச்சு, தயங்காமல் கடைசி வரை கொடுக்கலாம், ஆனால் நடுவில் சாவியைச் சட்டென்று விட்டுவிடாதீர்கள். பெரிய முள்ளைப் பின்னோக்கித் திருப்ப வேண்டாம், முன்னால் நகர்த்தும்போதும் ஒவ்வொரு முறையும் மணி அடித்து முடிக்கும் வரை நிறுத்துங்கள், இல்லையென்றால் சில கடிகாரங்களில் மூன்று மணிக்கு ஐந்து அடிக்கும்.

இவ்வளவுக்குப் பிறகும் நின்றால், அல்லது சாவி பிடிப்பே இல்லாமல் சுற்றினால், பழுது பார்ப்பவரிடம் கொடுத்துவிடுங்கள். முறுக்கிய ஸ்பிரிங்கோடு இயந்திரத்தைப் பிரித்தால் விரல் கிழிந்துவிடும். கொண்டுபோகும்போது ஊசலைக் கழற்றித் தனியாகத் துணியில் சுற்றி எடுத்துப் போங்கள்.