பொலிமர் களிமண்ணில் இனிக் கற்க என்ன இருக்கிறது?

மதிப்பிற்குரிய அம்மா,

நான் கொக்குவிலில் வசிக்கிறேன். ஆசிரியப் பணியிலிருந்து ஓய்வு பெற்ற பின்னர், கனடாவிலிருந்து மகள் அனுப்பிய பொலிமர் களிமண்ணைக் கொண்டு, காணொளிகளைப் பார்த்துத் தோடு, சிமிக்கி, பதக்கம் என்று செய்யப் பழகினேன். கண்ணிற்பட்ட உத்திகள் எல்லாவற்றையும் ஒவ்வொரு தடவை செய்து முடித்தாயிற்று. இப்போது எதைத் தொட்டாலும் செய்ததையே செய்வது போலிருக்கிறது. இதில் இனிக் கற்க ஏதும் உண்டா? அண்மையில் மருமகளுக்குக் கொடுத்த தோடு, அவள் போட்ட அன்றே இரண்டாக உடைந்து போனதும் மனதைச் சோர்வடையச் செய்துவிட்டது. இவற்றை விற்கலாமா என்பதையும் அறிய விரும்புகிறேன்.

ஒரு வாசகி, கொக்குவில்

அன்புள்ள சகோதரிக்கு,

வணக்கம். உடைந்த தோட்டிலிருந்தே தொடங்குகிறேன். உங்கள் பெரிய கேள்விக்கான பதிலும் அதற்குள் இருக்கிறது.

பொலிமர் களிமண்ணில் மண் இல்லை. பிவிசி என்ற பிளாஸ்திக்கின் நுண்துகள்களும், அவற்றை இளக்கமாக வைத்திருக்கும் ஓர் எண்ணெய்த் தன்மையான இளக்கியும், நிறமிகளும் சேர்ந்த கலவையே அது. குயவரின் மண்ணைப் போல நீர் வற்றி அது இறுகுவதில்லை. சூடேறும்போது துகள்கள் இளக்கியை உறிஞ்சி வீங்கி, ஒன்றோடொன்று உருகி இணைகின்றன. வெப்பம் போதாவிட்டால் வெளியே கெட்டியாகத் தெரியும் தோடு, உள்ளே இணையாத துகள்களின் கூட்டமாகவே இருக்கும்; காதிலிருந்து கழன்று தரையில் விழுந்தாலே போதும், பிஸ்கட் போல முறிந்துவிடும். வகையைப் பொறுத்து 110 முதல் 130 பாகை செல்சியஸ் வரை என்று பொதியிலேயே அச்சிட்டிருப்பார்கள். ஆனால் நம் வீடுகளில் கேக் சுடும் சிறிய அவன்களின் குமிழ் காட்டும் அளவும் உள்ளே இருக்கும் வெப்பமும் பெரும்பாலும் ஒத்துப்போவதில்லை. ஆகவே அந்த அடுப்புக்குள் வைக்கும் தனி வெப்பமானி ஒன்றை வாங்குங்கள்; புதிய நிறங்களை வாங்குவதை அதன் பின்னர் பார்த்துக்கொள்ளலாம். 6 மில்லிமீற்றர் தடிப்புக்குக் குறைந்தது அரை மணித்தியாலம் சுடுங்கள். இடையில் மின்சாரம் நின்றுவிட்டால் கவலைப்படத் தேவையில்லை, ஏனெனில் இந்தப் பொருளை எத்தனை தடவையும் மீண்டும் சுடலாம். மின்சாரம் வந்ததும் முழு நேரத்தையும் திரும்பக் கொடுங்கள். வெப்பம் 175 பாகையைத் தாண்ட மட்டும் விடாதீர்கள், அந்த நிலையில் பிவிசி சிதைந்து ஐதரசன் குளோரைட்டு என்ற நச்சுவாயு வெளிவரும்.

சரியாகச் சுட்டிருக்கிறதா என்பதை அறிய, ஒவ்வொரு தடவையும் அதே களிமண்ணில் மெல்லிய பட்டி ஒன்றையும் சேர்த்துச் சுட்டு, ஆறிய பின்னர் வளைத்துப் பாருங்கள். முறியாமல் வளைந்தால் தோடும் உறுதியாக இருக்கும். அந்தப் பட்டியின் பின்புறத்தில் வகை, வெப்பம், நேரம், திகதி ஆகியவற்றை எழுதி ஒரு பெட்டியில் போட்டு வையுங்கள். வருடக் கணக்கில் சேரும் அந்தப் பட்டிகள் எந்தக் காணொளியும் சொல்லித் தராததை உங்களுக்குச் சொல்லித் தரும்.

எல்லா உத்திகளையும் ஒவ்வொரு தடவை செய்துவிட்டதாக எழுதியிருக்கிறீர்கள். நான் வேண்டுவது இதுதான்: அவற்றில் ஒன்றை மட்டும் எடுத்து, அது உங்கள் சொந்தக் கையின் வேலை என்று சொல்லத்தக்க நிலைக்கு வரும்வரை அதிலேயே நில்லுங்கள். ஒரு தடவை செய்தவருக்கு அந்த உத்தி அறிமுகமாகியிருக்கிறது, அவ்வளவுதான். அதன் கடினமான பகுதிகள் அடுத்தடுத்த தடவைகளிலேயே முகங்காட்டும்.

இத்தாலியின் முரானோ தீவுக் கண்ணாடி வேலையிலிருந்து களிமண்ணுக்கு வந்த, வெட்டுமுகத்தில் படம் தெரியும் உருளைகளையும் நீங்கள் செய்திருப்பீர்கள். காணொளிகளிற் காணும் பூக்களை விட்டுவிட்டு, தலை சீவிய ஒரு நுங்கை அப்படிச் செய்து பாருங்கள். ஒளி ஊடுருவும் களிமண்ணில் மூன்று கண்கள், அவற்றின் இடைவெளிகளில் வெள்ளை, சுற்றிவர ஒரு வெள்ளைத் தகடு, அதற்கு மேல் கரும்பச்சையில் மெல்லிய தோல். 5 சென்ரிமீற்றர் விட்டமும் 3 சென்ரிமீற்றர் உயரமுமாகக் கட்டிய உருளையை நடுவிலிருந்து அழுத்தி அழுத்தி 1 சென்ரிமீற்றர் விட்டத்துக்குக் கொண்டுவந்தால், கணக்குப்படி அது 75 சென்ரிமீற்றர் நீளும். இரு முனைகளிலும் சிதையும் பகுதி போக எஞ்சியது உங்களுடையது.

செய்து பார்த்தால்தான் சிக்கல் தெரியும். ஒளி ஊடுருவும் களிமண் நமது சித்திரை வெயிலில் மற்ற நிறங்களை விட இளகி முன்னே ஓடிவிடும். கண்கள் முனைகளில் பிதுங்க, நடுவில் வெள்ளை மட்டுமே எஞ்சும். அதனால் அதை இரவு முழுவதும் இரண்டு வெள்ளைத் தாள்களுக்கிடையே வைத்து இளக்கியைச் சற்று உறிஞ்ச விட்டு, எல்லா நிறங்களும் கைக்கு ஒரே பதமாக வந்த பிறகே கட்ட வேண்டும். வெட்டும் முன்னர் உருளையைக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்து இறுக விட்டு, ஒவ்வொரு வெட்டுக்கும் சற்று உருட்டித் திருப்பினால் வில்லை நசியாது. சுடும்போது வெப்பம் கொஞ்சம் கூடினாலும் நுங்கின் கண் பழுப்பேறிவிடும், ஆகையால் மேலே அலுமினியத் தாளை மூடி வையுங்கள். இந்த ஒன்றுக்குள் எவ்வளவு இருக்கிறது பாருங்கள்! நுங்கு சரியாக வந்த பிறகு பனம்பழத்தின் தோலில் கருமை செம்மஞ்சளாக மாறும் இடத்துக்கு வாருங்கள். பொலிமர் களிமண் கலைஞர் ஜூடித் ஸ்கின்னர் கண்டறிந்த முறையில், இரு நிறங்களை முக்கோணங்களாக வெட்டிச் சேர்த்து, எப்போதும் ஒரே திசையில் மடித்து களிமண்ணைத் தகடாக்கும் உருளை இயந்திரத்தில் திரும்பத் திரும்ப விட்டால், நிறம் படிப்படியாக மாறும் தகடு கிடைக்கும். ஆனால் எந்தச் சிவப்பு, எந்த மஞ்சள் என்பதை பழத்தைக் கையில் வைத்துப் பார்த்து நீங்களேதான் கலக்க வேண்டும்.

இது இளம் கலை என்பதையும் நினைவில் வையுங்கள். ஜேர்மனியில் பொம்மைகளுக்குப் பெயர்பெற்ற கெத்தே குரூசேயின் மகள் கையில் உருப்பெற்ற களிமண்ணை 1964 இல் எபர்ஹார்ட் ஃபாபர் நிறுவனம் வாங்கி, பின்னர் ஃபிமோ என்ற பெயரில் பரப்பியது. அதை முழுமையான நகைக்கலையாகக் கலைஞர்கள் வளர்த்தெடுத்தது அதற்கும் பிந்திய காலத்தில்தான். பொன் வேலைக்குத் தலைமுறை தலைமுறையாக வந்த முறைகள் உண்டு. இதற்கு இன்னும் அப்படி எதுவும் முற்றாக வகுக்கப்படவில்லை. யாழ்ப்பாணத்து மண்ணின் நிறங்களும் உருவங்களும் இதில் ஏறக்குறைய எழுதப்படாமலே கிடக்கின்றன. நாவலர் வீதித் தொல்பொருள் அருங்காட்சியகத்துக்கு ஒரு நாள் கொப்பியோடு போய், அங்குள்ள பழம்பொருட்களின் வடிவங்களை வரைந்து வாருங்கள். சூதுபவளம் என்ற செந்நிற மணிக்கல்லின் செம்மையை ஒளி ஊடுருவும் களிமண்ணில் துளி நிறம் சேர்த்துக் கொண்டுவர முயல்வதே ஒரு வருட வேலையாகும்.

நகை என்ற பாதியையும் மறக்க வேண்டாம். களிமண் அழகாக இருந்தும் கம்பி வளையம் வாய் திறந்து தொங்கினால் அது நகை ஆகாது. வளையத்தை இருபுறமும் இழுத்து அகட்டாமல், இரண்டு குறடுகளால் முன்னும் பின்னுமாகத் திருகித் திறந்து, அவ்வாறே மூடுங்கள். கஸ்தூரியார் வீதியில் உங்களுக்குப் பழக்கமான பத்தர் ஒருவர் இருந்தால், சிமிக்கியின் கொக்கியும் தோட்டின் சுரையும் எப்படி அமைகின்றன என்பதை அருகிலிருந்து பாருங்கள். சுட்டதை 400 இலிருந்து 1000 வரையான சாண்ட் பேப்பரால் நீர் தோய்த்துத் தேய்த்து, பழைய ஜீன்ஸ் துணியால் மெருகிடுங்கள். நகப்பூச்சை மட்டும் பூசாதீர்கள், நாளடைவில் பிசுபிசுத்துவிடும்.

விற்பனையைப் பற்றிக் கேட்டீர்கள். தாராளமாக விற்கலாம், ஆனால் இப்போதல்ல. பங்குனியில் தொடங்கி நல்லூர்த் திருவிழா முடியும்வரை உங்கள் மருமகளும் அயலவரும் வியர்வையோடும் வெயிலோடும் அவற்றைப் போட்டுத் திரியட்டும். எது உடைகிறது, எது நிறம் மங்குகிறது, எந்தக் கொக்கி காதைப் புண்ணாக்குகிறது என்பதைக் கேட்டு எழுதி வையுங்கள். காது புண்ணாவதற்குப் பெரும்பாலும் நிக்கல் கலந்த மலிவான கொக்கியே காரணம், ஆதலால் நிக்கல் கலவாதது என்று உறுதியாகத் தெரிந்ததை வாங்குங்கள். குறையின்றித் திரும்பி வந்த வகைகளுக்கு மட்டும் விலை போடுங்கள்.

அன்புடன்