பார்ட் டைம் பிள்ளைகள் ஏன் நிற்பதில்லை? கடைக்கார அக்கா பதில்கள்

கேள்வி: அக்கா, ரேஸ் கோர்ஸ் ரோடு பக்கம் சின்னதாக ஒரு சைவ உணவகம் வைத்திருக்கிறேன். பலதுறைத் தொழிற்கல்லூரி (பாலிடெக்னிக்) பிள்ளைகள் பார்ட் டைம் வேலைக்கு வருகிறார்கள். ஒரே மாதத்தில் வாட்ஸ்அப்பில் "ஸாரி பாஸ்" என்று போட்டுவிட்டுக் காணாமல் போகிறார்கள். பக்கத்துக் கடையைவிட மணிக்கு ஒரு வெள்ளி (டாலர்) கூடத்தான் தருகிறேன். இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குப் பொறுமையே இல்லையா? பேசாமல் ஊரிலிருந்து ஆள் எடுத்துவிடலாமா?
– பெயர் வேண்டாம், லிட்டில் இந்தியா, சிங்கப்பூர்

பதில்: ஊர் ஆள் விஷயத்தை முதலில் முடித்துவிடுவோம் தம்பி. 2023 செப்டம்பரிலிருந்து இந்திய உணவகங்கள் வேலை அனுமதிச் சீட்டில் இந்தியாவிலிருந்து சமையற்காரரை எடுக்கலாம். மாதம் 2,000 வெள்ளியாவது தர வேண்டும், மொத்த ஆட்களில் 8 விழுக்காட்டுக்கு மேல் போகக்கூடாது. கடையில் பத்துப் பேர் என்றால் அந்தக் கணக்கு ஒரு முழு ஆளுக்கே எட்டாது. எட்டினாலும் வருகிறவர் சமைக்கத்தான். மேசை துடைக்க, பில் போட அந்த வழியில் ஆள் வராது.

சம்பளத்தில் ஜெயிப்பதும் கஷ்டம். 2023 மார்ச்சில் படிப்படியான சம்பள முறை உணவுத் துறைக்கும் வந்தபிறகு, வெளிநாட்டு ஊழியர் வைத்திருக்கும் கடைகள் உள்ளூர்க்காரர்களுக்கு அடிமட்டச் சம்பளம் கொடுத்தே ஆக வேண்டும். உங்கள் ஒரு வெள்ளியை ஏதாவது பர்கர் கடை நாளைக்கே சேர்த்துக் கொடுத்துவிடும்.

நான் கடை நடத்தியபோது, வேறு கடையை விட்டுவிட்டு என்னிடம் வேலை கேட்டு வரும் பிள்ளைகளுக்கு ஒரு தே ஹாலியா (இஞ்சி டீ) கொடுத்து, ஏன் விட்டாய் என்று விசாரிப்பேன். காசு குறைவு என்று சொன்னவர்கள் கொஞ்சம்தான். "ராத்திரி பதினொரு மணிக்கு மெசேஜ் வருது ஆன்ட்டி, நாளைக்குக் காலையில வா என்று" – இதுதான் அதிகம். அடுத்தது ஸ்ப்ளிட் ஷிஃப்ட். காலை ஏழிலிருந்து பதினொன்று, மறுபடி மாலை ஆறிலிருந்து பத்து. உங்களுக்கு அது எட்டு மணி நேரம். தூரத்தில் ஈசூனில் இருக்கிற பிள்ளைக்கு நாள் முழுக்கப் போச்சு. நடுவில் வீட்டுக்குப் போய் வந்தால் எம்ஆர்டி ரயில் காசும் தண்டம். எங்கே போவான்? கடைப் பக்கம் தேக்காவில் சுற்றிக்கொண்டிருப்பான், அப்புறம் உங்களைவிட்டே போய்விடுவான்.

அதனால் வேலை அட்டவணையை இரண்டு வாரம் முன்கூட்டியே போடுங்கள். போட்டதை மாற்றாதீர்கள். வேலைக்கு எடுக்கும் அன்றே பரீட்சைத் தேதிகளைக் கேட்டுச் சுவர்க் காலண்டரில் குறித்துவையுங்கள், பையன் என்றால் தேசிய சேவைக்கு (கட்டாய ராணுவச் சேவை) போகும் தேதியையும். ஆறு மாதத்தில் போகப்போகிறவன் என்று முன்பே தெரிந்தால் அடுத்த ஆளைத் தயார் செய்யலாமே. கல்லாவிலிருந்து எடுத்து "இந்தா நூறு, மிச்சம் அப்புறம்" என்கிற பழக்கம் இருந்தால் இன்றோடு விடுங்கள். சம்பளக் காலம் முடிந்து ஏழு நாளுக்குள் சம்பளம், கூடவே சம்பளச் சீட்டு. சம்பளம், சீட்டு இரண்டும் சட்டம், பார்ட் டைமுக்கும் சேர்த்துத்தான்.

இன்னொன்று நீங்கள் எழுதவில்லை, நானே கேட்கிறேன்: உங்கள் சமையல் மாஸ்டர் எப்படி? கத்துகிற மாஸ்டரை முதலாளியே கண்டிக்க மாட்டார், கோபித்துக்கொண்டு போனால் நாளைக்கு மாவுக்கு என்ன வழி என்ற பயம். பிள்ளைகளுக்கு அந்தப் பயம் கிடையாது. புதிதாக வருகிறவரை முதல் வாரம் மாஸ்டர் கையில் கொடுக்காதீர்கள், ஏற்கெனவே இருக்கிற இன்னொரு மாணவரோடு விடுங்கள். மத்தியானம் மூன்று மணிக்குக் கூட்டம் குறைந்ததும் தே தாரிக் ஆற்றவோ தோசை வார்க்கவோ விடுங்கள். தட்டு மட்டுமே கழுவுகிறவனுக்கு உங்கள் கடையில் இருக்க என்ன காரணம் இருக்கிறது?

கேள்வி: உயர்நிலைப் பள்ளி முடிவில் ஓ நிலைத் தேர்வு எழுதப்போகும் மகன் சமையற்கலைதான் படிப்பேன் என்று அடம்பிடிக்கிறான். விடலாமா?
– ஓர் அம்மா, தெம்பனிஸ்

பதில்: விடுங்கள். உங்கள் வீட்டுக்குப் பக்கத்திலேயே தெமாசெக் பலதுறைத் தொழிற்கல்லூரியில் சமையற்கலை டிப்ளோமா இருக்கிறது. தொழில்நுட்பக் கல்விக் கழகத்திலும் சமையல் படிப்புகள் உண்டு. ஆனால் தேர்வு முடிவு ஜனவரியில்தானே வருகிறது? அதுவரை டிசம்பரில் ஏதாவது ஒரு கடையின் அடுப்படியில் வேலை பார்க்கட்டும். சனிக்கிழமை இரவு ஷிஃப்ட்டாகப் பார்த்துக் கேட்கச் சொல்லுங்கள்.