சாமந்திக்கு ராத்திரியும் வேணும் – தோட்டம் கேள்வி பதில்

கேள்வி: ஐயா, எங்க ஊட்டாண்ட ரெண்டு தொட்டி சாமந்தி கீது, ரெண்டும் ஒரே தாய்ச்செடில ஒடிச்சு நட்டது. கெணத்தாண்ட இருக்கறது கார்த்திகைல இருந்து பூத்துத் தள்ளுது. கேட்டாண்ட, தெருவிளக்கு கம்பத்துக்கு கீழ இருக்கறது தழைஞ்சு நிக்குது, ஒரு மொட்டு கூட இல்ல. வெயில் ரெண்டுக்கும் நல்லா படுது, டிஏபி உரம் கூட போட்டு பாத்துட்டேன். இன்னா பண்றது?
– ஒரு வாசகி, குடியாத்தம்

பதில்: அந்த விளக்குதாம்மா காரணம், இனிமே டிஏபி போடாதீங்க. வெயில் செடிக்கு சாப்பாடுன்னு எல்லாருக்கும் தெரியும், ஆனா அதே வெளிச்சம்தான் அதுக்கு காலண்டரும். ராத்திரி நீளமா, நடுவுல வெளிச்சம் படாம இருந்தாதான் சாமந்தி மொட்டு விடும். நம்ம பக்கம் டிசம்பர்ல ராத்திரி 12 மணி 30 நிமிஷத்துக்கு மேல போகுது, கெணத்தாண்ட செடிக்கு அது முழுசா கெடைக்குது, கேட்டாண்ட செடிக்கு பொழுதே சாயல. இலையில பைட்டோக்ரோம்னு ஒரு நிறமி இருக்கு, சிவப்பு வெளிச்சம் பட்டா அது பகல்னு எடுத்துக்கும், வெள்ளை விளக்குலயும் சிவப்பு கலந்துதான் இருக்கு. அமெரிக்காவுல கார்னர், அல்லார்டுன்னு ரெண்டு பேர், கோடையில பூக்காம ஆளுயரத்த தாண்டிப் போன ஒரு புகையிலைய, பொழுது இருக்கறப்பவே இருட்டு கொட்டகைக்குள்ள வெச்சு பூக்க வெச்சாங்க, அத 1920ல எழுதினாங்க. நம்ம ஓசூர் பக்கம் சாமந்தி தோட்டத்துல ராத்திரி வரிசையா பல்பு எரியறதும் இதுக்குத்தான், செடி போதுமான அளவு வளர்ற வரைக்கும் பூக்க விடாம நிறுத்தி வெக்கறாங்க.

நீங்க அந்த தொட்டியையும் கெணத்தாண்ட தள்ளிடுங்க. நகத்த முடியலன்னா சாயங்காலம் 6 மணிக்கு கெட்டியான கருப்புத் துணி போட்டு மூடி காலைல 6 மணிக்கு எடுங்க, ஒரு நாள் கூட விடாம, பகல் வெயில் கட்டாயம் வேணும். நுனிய கிள்ளாதீங்க. ரெண்டு மாசம் பொறுமையா இருங்கம்மா, பூக்கும்.

கேள்வி: இலவம்பாடி முள்ளு கத்தரி விதை வாங்கி ஜன்னலோரமா தட்டுல போட்டேன், நாத்தெல்லாம் நூல் மாதிரி நீண்டு வெளிய சாயுது, ஏன் சார்?
– ஒரு மாணவர், காட்பாடி

பதில்: வெளிச்சம் பத்தலப்பா. ஆக்சின்னு ஒரு ஹார்மோன் தண்டுல நிழல் பக்கமா சேரும், அந்த பக்கம் வேகமா நீளும், அதனால செடி வெளிச்சத்த பாத்து வளையுது, வெளிச்சம் தேடி தண்டும் வெளுத்து இழுத்துக்கிட்டு போகுது. 2023ல புவிசார் குறியீடு வாங்கின நம்ம ஊர் கத்தரி அது, ஜன்னலோரத்துல வீணாக்காத. மொத நாலு நாள் காலை வெயில் மட்டும், அப்புறம் மொட்டை மாடியில முழு வெயில். நேரா மதிய வெயில்ல வெச்சா இலை வெந்துடும். ரொம்ப நீண்டு போனத விட்டுட்டு விதைய மறுபடி போடு.