அம்மம்மாவின் சிவப்புக்கல் அட்டியல்

அன்புள்ள அக்கா,

1956இல் அம்மம்மாவின் கலியாணத்துக்குச் செய்த சிவப்புக்கல் அட்டியல் எங்கள் வீட்டில் இருக்கிறது. பூட்டு உடைந்ததால் யாழ்ப்பாணத்தில் ஒரு நகைக்கடைக்குக் கொண்டுபோனோம். “கல்லெல்லாம் செயற்கை. கழற்றிவிட்டுப் பொன்னை மட்டும் நிறுக்கலாம்” என்றார்கள். அன்றிலிருந்து அம்மா அதைத் தொடவில்லை. இத்தனை வருடமாக ஒரு பொய்யையா பெட்டிக்குள் வைத்திருந்தோம்? நீலக்கல் வைத்து மாற்றலாம் என்றால், அது சனியின் கல், எல்லாருக்கும் ஒத்துவராது என்கிறார்கள். என்ன செய்யலாம்?

வாசகி, கொடிகாமம்

அன்பின் தங்கச்சிக்கு,

முதலில், கல்லைக் கழற்ற விடாதீர்கள். மிச்சத்தை ஆறுதலாகப் பேசலாம்.

செயற்கைக் கல் வேறு, போலிக் கல் வேறு. சிவப்புக் கண்ணாடியை மாணிக்கம் என்று வைத்தால் அது போலி. உங்களுடையது கண்ணாடியாக இருந்தால் இத்தனை வருடப் புழக்கத்தில் பட்டைகளின் விளிம்பு மழுங்கியிருக்கும். இன்னும் கூராக இருந்தால், பெரும்பாலும் அது வெர்னுய் முறையில் செய்த மாணிக்கம். ஒகுஸ்த் வெர்னுய் என்ற பிரெஞ்சு இரசாயனவியலாளர் 1902இல் அந்த முறையை வெளியிட்டார். அலுமினிய ஒட்சைட்டுத் தூளில் கொஞ்சம் குரோமியம் சேர்த்து, ஒட்சிசனும் ஐதரசனும் எரியும் சுவாலைக்குள் விழவிடுவார்கள். 2000 பாகை செல்சியசுக்கு மேற்பட்ட அந்தச் சூட்டில் தூள் உருகிச் சொட்டி, மெழுகு படிவதுபோலப் படலம் படலமாக உறைந்து கல்லாகும். பர்மாவின் மோகொக்கில் தோண்டி எடுக்கும் மாணிக்கமும் அதே அலுமினிய ஒட்சைட்டுத்தான், சிவப்பைக் கொடுப்பதும் அதே குரோமியம்தான். அப்பாக்களின் பழைய கைமணிக்கூட்டில் ‘17 ஜுவல்ஸ்’ என்று எழுதியிருக்குமே, அதற்குள் இருப்பவையும் இந்தக் கற்கள்தான்.

என் அம்மாவின் தோட்டில் இதைக் கண்ணால் கண்டேன். கஸ்தூரியார் வீதியில் ஒரு வயதான பத்தர் பூதக்கண்ணாடியைத் தந்து, “வெளிச்சத்துக்கு நேரே பிடி பிள்ளை” என்றார். சிவப்புக்குள் மெல்லிய வரிகள், இசைத்தட்டில் இருப்பதுபோல வளைந்து வளைந்து போயின. நடுவில் ஊசிமுனை அளவில் ஒரு காற்றுக்குமிழ். மண்ணில் விளைந்த கல்லில் வரி நேராக ஓடும், சுவாலையில் விளைந்ததில் வளையும். சொட்டு விழுந்து படிந்த தடம் அது. அதைப் பார்த்த பிறகு அந்தத் தோட்டின்மேல் எனக்குப் பிரியம் கூடியது.

விற்கப் போனால் கல்லுக்குப் பெரிய விலை வராது, அதை மறைக்கமாட்டேன். அன்றைக்குச் செய்தவர் சுரங்கக் கல் என்று சொல்லிக் காசு வாங்கியிருந்தால் அது பெரிய பிழை. ஆனால் அம்மம்மா யாருக்கும் பொய் சொல்லவில்லையே.

நிறத்தை வைத்துப் பெயர் சொல்வது உலகம் முழுக்க நடந்தது. பிரித்தானிய முடியின் முகப்பில் இருக்கும் ‘கறுப்பு இளவரசரின் மாணிக்கம்’ மாணிக்கமே அல்ல, ஸ்பினெல் என்ற வேறு கனிமம். தெரிந்த பிறகும் அதை ஒருவரும் தோண்டி எடுக்கவில்லை. முன்பக்கத்தில் நடுவிலேயே இருக்கிறது.

அப்புறம் நீலம். மாணிக்கமும் நீலமும் ஒரே கனிமம். குரோமியம் கலந்தால் சிவப்பு, இரும்பும் தைத்தேனியமும் சேர்ந்து கலந்தால் நீலம். கலப்பது பெரும்பாலும் நூற்றுக்கு ஒரு பங்குகூட வராது. இதே குரோமியம் பெரில் என்ற கனிமத்துக்குள் போனால் மரகதப் பச்சை. சிவப்பையும் நீலத்தையும் உள்ளடக்கிய அந்தக் கனிமத்துக்கு ஆங்கிலத்தில் வழங்கும் ‘கொரண்டம்’ என்ற பெயர் நம் ‘குருந்தம்’ என்ற சொல்லிலிருந்து போனது. நவக்கிரகக் கணக்கில் மாணிக்கம் சூரியனுக்கு, நீலம் சனிக்கு. புராணத்தில் சனி சூரியனின் மகன். தகப்பன் கல்லும் மகன் கல்லும் ஒரே பொருள் என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மயிர் கூச்செறியும். இரத்தினபுரி நீலத்துக்கு உலகமெங்கும் மதிப்பு, ஆசையாக இருந்தால் தனியாக ஒரு மோதிரம் செய்யுங்கள். அட்டியலில் கை வைக்க வேண்டாம்.

பூட்டை மட்டும் உங்கள் கண்முன்னே திருத்தித் தரும் பத்தரிடம் கொண்டுபோங்கள். எழுத்தில் உறுதி வேண்டுமென்றால் தேசிய இரத்தினக்கல் மற்றும் ஆபரண அதிகாரசபையில் கல்லைப் பரிசோதித்துத் தருவார்கள். அம்மாவையும் பத்தரிடம் கூட்டிக்கொண்டு போங்கள். பூதக்கண்ணாடியை அம்மாவின் கையில் கொடுத்து, அந்த வளைந்த வரிகளைப் பார்க்கச் சொல்லுங்கள்.

அன்புடன்,
அக்கா