இங்கிலாந்துக் கிராமத்தில் பிள்ளை ஏங்கிப்போவாளா என்று கேட்ட தங்கச்சிக்கு

திண்டுக்கல்லிலிருந்து புதிதாக வந்திருக்கும் தங்கச்சி கேட்டிருக்கிறார்: கணவருக்கு ஸ்டாஃபோர்டு பக்கம் ஆஸ்பத்திரி வேலை, டவுனில் வாடகை கட்டுப்படியாகவில்லை, பத்து மைல் தள்ளி ஒரு கிராமத்தில் தோட்டத்தோடு வீடு கிடைக்கிறது, ஆனால் அங்கே நம் முகம் ஒன்றுகூட இல்லை, ஏழு வயது மகள் ஏங்கிப்போய்விடுவாளோ என்று பயமாக இருக்கிறது, நீங்கள் அப்படி ஓர் ஊரில் வளர்ந்தவர்தானே அக்கா, எப்படி இருந்தது?

ஆமாம், வளர்ந்தேன். நீங்கள் சொல்லும் இடத்துக்கு ரொம்ப தூரமும் இல்லை. கவுன்ட்டி எல்லையைத் தாண்டி ஷ்ரோப்ஷயரில், நியூபோர்ட் ஊருக்குப் பக்கத்தில். 1976 ஜூனில் பாளையங்கோட்டையிலிருந்து வந்து இறங்கியபோது எனக்கு எட்டு வயது, தம்பிக்கு நாலு. அப்பா டாக்டர். எங்களுக்கு முன்னாலேயே வந்து, ஆறு மாதத்துக்கு ஓர் ஆஸ்பத்திரி என்று ஊர் ஊராக மாறி, கடைசியில் ஒரு குடும்ப டாக்டரோடு தொழில் கூட்டாளியாகச் சேர்ந்த பிறகுதான் எங்களைக் கூப்பிட்டுக்கொண்டார்.

குளிர் நாடு என்று சொல்லி ஆச்சி பின்னிக் கொடுத்த கம்பளிக் குல்லாவைப் போட்டுக்கொண்டு வந்தோம். வந்த வருஷம் எது தெரியுமா? இந்த நாட்டுக்காரர்கள் இன்றைக்கும் பேசுகிற அந்த வெயில் வருஷம். ஜூன் 23லிருந்து ஜூலை 7 வரை 15 நாளும் இங்கிலாந்தில் எங்காவது ஓரிடத்தில் 32 டிகிரிக்கு மேல். புல் எல்லாம் வைக்கோல் நிறம், தெருவெல்லாம் பொறிவண்டு. குளித்த தண்ணீரை வாளியில் பிடித்துச் செடிக்கு ஊற்றினார்கள். அம்மா, "இதுக்கா இம்புட்டு தூரம் வந்தோம்?" என்றாள். ஆகஸ்டில் வறட்சிக்கென்றே டெனிஸ் ஹவல் என்று ஒரு மந்திரியைப் போட்டார்கள், போட்ட சில நாளில் மழை கொட்டியது. மந்திரி போட்டதும் மழை வரும் நாடு என்று ஆச்சிக்கு எழுதினேன். நீல நிற ஏரோகிராமில் ஞாயிற்றுக்கிழமைதோறும் ஆச்சிக்கு ஒரு கடிதம் எழுதினால்தான் சாப்பாடு, என் தமிழ் பிழைத்தது அப்படித்தான். உங்கள் மகளுக்கும் இதைச் செய்யுங்கள், வாட்ஸ்அப்பில் குரல் அனுப்பச் சொல்வது வேறு, எழுதச் சொல்வது வேறு.

சரி, பள்ளிக்கூடம். இரண்டே வகுப்பறை, மொத்தம் முப்பத்தைந்து பிள்ளைகள் இருந்திருப்போம். முதல் வாரம் யாரும் என்னோடு பேசவில்லை, நானும் பேசவில்லை. இரண்டாவது வாரம் மதியச் சாப்பாட்டில் ஒரு கிண்ணம் வந்தது, வெள்ளையாக, கொழகொழவென்று, நடுவில் ஒரு சொட்டு சிவப்பு ஜாம். சுற்றியிருந்த பிள்ளைகள் எல்லாம் "தவளை முட்டை, தவளை முட்டை" என்று மூஞ்சியைச் சுளித்தார்கள். நான் கரண்டியை வைத்துப் பார்த்தேன், அது ஜவ்வரிசிப் பாயசம்! ஏலக்காய் இல்லை, முந்திரி இல்லை, ஆனாலும் ஜவ்வரிசிதான். என் கிண்ணத்தை வழித்துவிட்டுப் பக்கத்துப் பெண்ணின் கிண்ணத்தைப் பார்த்தேன், அவள் நன்றியோடு தள்ளினாள், எதிரே இருந்த பையனும் தள்ளினான். சாப்பிட்டு முடிக்காமல் எழுந்திருக்க விடமாட்டார்கள், அதனால் அன்றைக்கு அந்த மேசையையே காப்பாற்றியவள் நான். சாயந்திரம் எனக்கு மூன்று சிநேகிதிகள். அதில் ஒருத்தி இன்றும் பிறந்தநாளுக்குக் கூப்பிடுகிறாள்.

அதன்பிறகு நான் வீட்டில் இருந்ததே இல்லை. ஜூனில் ராத்திரி பத்து மணிவரை வெளிச்சம் இருக்கும், சாப்பிடக் கூப்பிட்டால் மட்டும் போவோம். தனியார் வயலுக்குள் நடந்து போக யாரும் தடுக்க முடியாத ஒற்றையடிப் பாதைகள் இந்த நாட்டில் உண்டு, வரைபடத்திலேயே குறித்திருக்கும், வேலி வருகிற இடத்தில் ஏறி இறங்க மரப்படி போட்டிருப்பார்கள். நாம் திறந்த கேட்டை நாமே மூடிவிட்டுப் போகவேண்டும், அவ்வளவுதான் சட்டம். உங்கள் மகளுக்கு முதலில் இதைச் சொல்லிக்கொடுங்கள், ஆட்டுக்காரர் சிநேகிதமாகிவிடுவார். ஓடையோரத்தில் காஞ்சொறி மாதிரி ஒரு செடி, நெட்டில் என்பார்கள், பட்டால் எரியும், பக்கத்திலேயே டாக் என்று அகல இலை ஒன்று இருக்கும், அதைக் கசக்கித் தேய்த்துக்கொள்வோம். மருந்தோ இல்லையோ, தேய்க்கிற நேரத்தில் அழுகை நின்றுவிடும். செப்டம்பரில் வேலிப்புதரில் பிளாக்பெரி, கையும் வாயும் நாவல்பழம் தின்றது போல ஊதா. செப்டம்பர் கடைசியில் வரும் மிக்கேல் பண்டிகைக்குப் பிறகு பறிக்கக் கூடாது, சாத்தான் அதில் துப்பிவிடும் என்பாள் எதிர்வீட்டுப் பாட்டி. அக்டோபரில் ஹார்ஸ் செஸ்ட்நட் கொட்டையில் துளைபோட்டுக் கயிற்றில் கோத்து அடித்து உடைக்கிற கான்கர்ஸ் ஆட்டம், கொட்டை உடையாமல் இருக்க வினிகரில் ஊறப்போடுவது கள்ள ஆட்டம், எல்லோரும் போடுவோம்.

கிறிஸ்துமஸ் நாடகத்தில் மற்றப் பெண்கள் எல்லாம் தேவதை. நான் வருஷா வருஷம் கிழக்கிலிருந்து வந்த ராஜா. டீச்சர் கேட்கவே மாட்டார், பெயரை எழுதிவிடுவார். அம்மாவின் கல்யாணப் புடவைதான் எனக்கு அங்கி, மாட்டுத்தொழுவம் முழுக்கச் சமையலறைத் துண்டைத் தலையில் கட்டிய இடையர்கள், நடுவில் நான் மட்டும் காஞ்சிபுரம். அன்றைக்குப் பெருமையாக இருந்தது. கோபம் இருபது வயதில்தான் வந்தது, இப்போது அதுவும் இல்லை.

எல்லாம் தேன் என்று சொல்லமாட்டேன். பதினோரு வயதில் பெரிய பள்ளிக்கூடத்துக்கு பஸ்ஸில் போகத் தொடங்கியபோது, பின் சீட்டுப் பையன்கள் கூப்பிட்ட பெயர்களை இங்கே எழுதப்போவதில்லை. ஊரில் ஒரு கடைக்காரர் மற்றவர்களுக்குச் சில்லறையைக் கையில் கொடுப்பார், எங்களுக்குக் கவுன்ட்டரில் வைப்பார். பத்து வருஷமும் வைத்தார். அப்படி ஒருவர் உங்கள் ஊரிலும் இருக்கக்கூடும். பெயர் வைத்துக் கூப்பிடுவது அன்றைக்குப் போல இன்றைக்குச் சகஜமில்லை, நடந்தால் பள்ளிக்கூடத்தில் போய்ச் சொல்லலாம், சொல்லுங்கள், என் அப்பாவைப் போலப் பேசாமல் இருக்காதீர்கள்.

இப்போது நான் சொல்ல வந்த விஷயம். மேலே எழுதியது எல்லாம் எட்டு வயதுக்காரி பார்த்த ஊர். அதே ஊரை முப்பது வயதில் பார்த்தவள் என் அம்மா. அவளுக்கு ஓடையும் தெரியாது, கான்கர்ஸும் தெரியாது. அவளுக்குத் தெரிந்தது டெலிபோன்.

அந்தக் காலத்தில் குடும்ப டாக்டருக்கு ராத்திரியும் ஞாயிறும் கூப்பாடு வீட்டுக்கே வரும். அப்பா ஒரு நோயாளியைப் பார்க்கப் போயிருந்தால் அடுத்த அழைப்பை எடுப்பது யார்? அம்மா. சம்பளம் கிடையாது, கேட்டவர்களும் கிடையாது, டாக்டர் பெண்டாட்டி என்றால் அப்படித்தான். பாளையங்கோட்டையில் பள்ளிக்கூட ஆங்கிலம் படித்தவளுக்கு ஷ்ரோப்ஷயர்க் குடியானவர் பேச்சு எப்படிப் புரியும்? முடியாது என்பதை "கன்னா" என்பார்கள், "டோன்ட்" என்பதற்கு "டன்னா". எங்கள் அம்மாவுக்கு முடியவில்லை என்பதை "அவர் மாம்ஸ் பேட்லி" என்பார்கள். அம்மா ஒரு வழி கண்டுபிடித்தாள். காதில் விழுந்ததை விழுந்தபடி தமிழ் எழுத்தில் நோட்டில் எழுதிவிடுவாள். அப்பா அதிகாலை இரண்டு மணிக்கு வந்து, கோட்டைக் கழற்றாமலே, அதை உரக்கப் படித்துப் பார்த்து ஆங்கிலம் கண்டுபிடிப்பார். "அவர் மாம்ஸ் பேட்லி, கன்னா பிரீத், மில் லேன் எண்ட்." நோட்டு அம்மாவிடம் பத்திரமாக இருக்கிறது. யாரும் அதனால் சாகவில்லை என்பதில் அவளுக்கு இன்றைக்கும் ஒரு கர்வம்.

ஆனால் டெலிபோனை விட்டு நகர முடியாது. நகர்ந்தாலும் எங்கே போவது? பஸ் வாரத்துக்கு இரண்டு நாள். துவரம்பருப்பு வேண்டுமென்றால் இருபது மைல் தள்ளி உல்வர்ஹாம்ப்டனில் பஞ்சாபிக் கடை, அப்பா கூட்டிப்போனால் உண்டு. டிசம்பரில் நாலு மணிக்கு இருட்டிவிடும். பள்ளிக்கூடம் விட்டு நான் வரும்போது சமையலறை ஜன்னலில் விளக்குப் போடாமல் நிற்பாள். விளக்குப் போட்டால் வெளியே தெரியாது அல்லவா, அதனால். இது எனக்குப் புரிந்தது நான் தாயான பிறகு.

எதிர்வீட்டுப் பாட்டி கெட்டவள் இல்லை. அம்மாவை "டக்" என்று கூப்பிடுவாள், அந்தப் பக்கத்தில் கண்ணு, ராசாத்தி என்கிற மாதிரி. "என்னய ஏன் வாத்துங்கா?" என்று அம்மாவுக்கு ஒரு மாதம் வருத்தம். பாட்டி வாசலில் எதையாவது வைத்துவிட்டுப் போவாளே ஒழிய கதவைத் தட்டமாட்டாள். ருபார்ப் தண்டு, பீன்ஸ், ஒரு பை பிராம்லி ஆப்பிள். நம் ஊரில் வாசல்வரை வந்துவிட்டு உள்ளே வராமல் போனால் கோபம் என்று அர்த்தம். இங்கே அதுதான் மரியாதை. இது பிடிபட அம்மாவுக்கு மூன்று வருஷம் ஆனது, உங்களுக்கு இப்போதே சொல்லிவிட்டேன்.

பிராம்லி ஆப்பிள் சமைக்கிற ஆப்பிள், பச்சையாகக் கடித்தால் பல் கூசும். அம்மா ஒரு துண்டை வாயில் போட்டாள், அப்படியே நின்றாள், பிறகு சொன்னாள், "ஏட்டி, மாங்காய்!" அன்றைக்கு ராத்திரியே நறுக்கி, உப்புப் பிசறி, நல்லெண்ணெய் காய்ச்சி, வெந்தயமும் பெருங்காயமும் பொரித்துக் கொட்டி ஊறுகாய் போட்டாள். (இப்போது எல்லாத் தமிழ் வீட்டிலும் இதைச் செய்கிறார்கள். எங்கள் ஊரில் கண்டுபிடித்தவள் என் அம்மா, அவ்வளவுதான் சொல்கிறேன்.) அடுத்த கோடையில் ஊர் மண்டபத்தில் தோட்டப் போட்டி, ஒரே அளவில் மூன்று வெங்காயம், ஸ்பாஞ்ச் கேக், ஜாம், சட்னி என்று ஒவ்வொன்றுக்கும் தனி மேசை. பாட்டி அம்மாவைச் சட்னி மேசையில் வைக்கச் சொன்னாள். நடுவர் அம்மா பாட்டிலுக்கு முன்னால் ஒரு அட்டை வைத்தார், அதில் என்.ஏ.எஸ். என்று மூன்றெழுத்து. பரிசு என்று நினைத்து அம்மா அப்பாவைக் கூட்டிவந்து காட்டினாள். விதிப்படி இல்லை என்று அர்த்தம், போட்டியிலேயே சேர்த்துக்கொள்ளவில்லை. சாயந்திரம் பாட்டிலை எடுக்கப் போனால் பாதி காலி. அடுத்த வாரம் வாசலில் மூன்று பை ஆப்பிள், யார் வைத்தது என்று தெரியாது.

அதற்குப் பிறகுதான் கார் ஓட்டப் படித்தாள். மூன்று தடவை தோற்று 1981 ஆகஸ்டில் நாலாவது தடவை பாஸ். ஐந்தாவது மாதம், 1982 ஜனவரி 10, நியூபோர்ட்டில் மைனஸ் 26.1 டிகிரி, இங்கிலாந்தில் அதுவரைக்கும் அதற்குப் பிறகும் அளந்ததிலேயே கடும் குளிர். வாசலில் பால் பாட்டில் உறைந்து மூடியைத் தள்ளிக்கொண்டு நின்றது. மறந்துபோய்க் கொடியில் விட்ட அப்பாவின் வேட்டி அப்பளமாக விறைத்திருந்தது. அப்பாவை ஒரு குடியானவர் டிராக்டரில் ஏற்றிக்கொண்டு நோயாளி வீட்டுக்குப் போனார். அம்மா வண்டியில் ஏறவே இல்லை, ஆனால் சாவியைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டே திரிந்தாள். பனி உருகியதும் முதல் வேலை, தனியாக உல்வர்ஹாம்ப்டன் போய் வந்தாள். கொத்தமல்லிக் கட்டு பதினைந்து வாங்கிவந்தாள். வாடித்தான் போனது.

ஆக, உங்கள் மகளைப் பற்றி நான் கவலைப்படவில்லை. ஒரு மாதத்தில் உங்களைவிட நன்றாக அந்த ஊர்ப் பேச்சுப் பேசுவாள், அவளைக் கூப்பிட்டுச் சோறு போடுவதுதான் உங்கள் கஷ்டம். நீங்கள் எழுதியதில் உங்களைப் பற்றி ஒரு வரி இல்லை. கணவர் காரில் வேலைக்குப் போவார், மகள் பள்ளிக்கூடம் போவாள், நீங்கள்? வீட்டை எடுப்பதற்கு முன் ஒரு சனிக்கிழமை போகாதீர்கள், நவம்பர் மாத செவ்வாய்க்கிழமை சாயந்திரம் நாலரைக்குப் போய்ப் பாருங்கள். தெருவில் விளக்கு இருக்கிறதா, கடைசி பஸ் எத்தனை மணி, போன் சிக்னல் வருகிறதா. கேஸ் குழாய் இல்லாத ஊராக இருந்தால் வீட்டைச் சூடாக்க எண்ணெய்த் தொட்டிதான், ஒரே தடவையில் 500 லிட்டர் வாங்கச் சொல்வார்கள், அந்தக் காசைத் தனியாக எடுத்து வையுங்கள், வாடகை மலிவாக இருப்பதற்கு அதுவும் ஒரு காரணம். இந்திய லைசென்ஸை வைத்துக் குடிவந்த நாளிலிருந்து 12 மாதம் ஓட்டலாம், அதற்குப் பிறகு அது செல்லாது, மாற்றியும் தரமாட்டார்கள், இங்கே தேர்வு எழுதி ஓட்டிக் காட்டித்தான் வாங்கவேண்டும். அந்த 12 மாதத்தைத் தூங்கிக் கழிக்காதீர்கள்.

அம்மாவுக்கு இப்போது எண்பதுக்கு மேல், லண்டன் ஹாரோவில் தம்பி வீட்டில் இருக்கிறாள், இறங்கினால் முருங்கைக்காய்க் கடை. உங்கள் கேள்வியை நேற்று போனில் படித்துக் காட்டினேன். அந்த ஊர்க் கதை எல்லாம் சொல்லி எழுதப்போகிறேன், ஓடை, ஜவ்வரிசி, ஊறுகாய் எல்லாம், என்றேன். கேட்டுக்கொண்டே இருந்தவள், "அதெல்லாம் கெடக்கட்டும்ட்டி, அந்தப் புள்ளைக்குக் காரு ஓட்டத் தெரியுமா? மொதல்ல அதக் கேளு" என்றாள்.

கேட்டுவிட்டேன்.